பெற்றோர் வீட்டிலிருந்து தனி வீட்டுக்கு: கொழும்பு இளையோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் வேலை செய்யும் இருபது, முப்பது வயதுத் தமிழ் இளையோரும் அவர்களைப் பெற்றவர்களும் வீடு பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் பற்றிய பதில்கள் பொதுவானவை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.

கொழும்பில் பிள்ளைகள் எப்போது வீட்டைவிட்டுப் போகிறார்கள்?

பெரும்பாலும் கல்யாணத்தோடு, இல்லாவிட்டால் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாக வெளிநாட்டுக்கு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் போர்டிங் அறைகளில் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கொழும்பிலேயே பிறந்து, கொழும்பிலேயே வேலை செய்து, கல்யாணம் ஆகாமல் தனி வீடு எடுத்து இருப்பவர்கள் மிகக் குறைவு. இதற்கு நம் வழக்கம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வழக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதியைச் சட்டமும் திட்டமும் வங்கியும் சேர்ந்து செய்திருக்கின்றன. இலங்கையின் வீட்டுக் கொள்கைக்குக் குடும்பத்தைத் தெரியும், வீட்டை இழந்தவரைத் தெரியும், முதலீட்டாளரைத் தெரியும். சம்பளம் எடுக்கும் 26 வயதுத் தனி ஆளைத் தெரியாது.

வாடகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்கு உதவாதா?

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளரை வலுவாகப் பாதுகாத்த சட்டம். வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது. நினைத்த நேரத்தில் எழுப்பிவிட முடியாதபடி செய்தது. அடுத்த ஆண்டே வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகள், தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு மேலும் இரண்டு. மேலதிக வீடுகளை அரசு எடுத்தது. அவற்றில் வாடகைக்கு இருந்த பலர் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் இன்றைக்கும் அந்தக் காலத்துக் கதை ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. தாத்தா பெயரில் இருந்த வாடகை, பேரன் காலத்திலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். வழக்கு மட்டும் தலைமுறை தாண்டிப் போகிறது.

உங்களுக்கு அது உதவாததற்குக் காரணம், 1980இல் வந்த திருத்தம். 1980 ஜனவரி 1க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகள் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. வெள்ளவத்தையில் நீங்கள் பார்க்கும் தொடர்மாடிகள் அநேகமாக எல்லாமே அதற்குப் பிறகு எழுந்தவை. ஆகவே வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், அடுத்த வருடம் எவ்வளவு கூட்டலாம் என்பதெல்லாம் வீட்டுக்காரரும் நீங்களும் பேசிக்கொள்வதுதான். பேசிக்கொள்வது என்றால், அவர் சொல்வார், நீங்கள் தலையாட்டுவீர்கள்.

பழைய சட்டத்தின் பயம் மட்டும் வீட்டுக்காரர்களை விட்டுப் போகவில்லை. “குடியிருத்தினால் எழுப்ப முடியாது” என்ற பேச்சு அப்பாமார் வழியாக இன்னும் வருகிறது. ஆறு மாத, ஒரு வருட அட்வான்ஸ் கேட்பதும், தெரிந்தவர் சொல்லாமல் யாருக்கும் கொடுக்காததும், வீட்டைப் பூட்டியே வைத்திருப்பதும் பாதி அந்தப் பயத்தில்தான். பாதுகாப்பு பழைய குடியிருப்பாளருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கான விலையைப் புதிதாக வாடகைக்கு வருகிறவர் கட்டுகிறார். அவர் பெரும்பாலும் இளையவர்.

ஒரு வருடத்துக்கு வாய்ப்பேச்சில் எடுத்தால் என்ன?

செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வெறும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்த “ஒரு வருட அக்ரிமென்ட்”, மாத வாடகைக்கு மேல் நின்று பிடிப்பது கடினம். நொத்தாரிசுச் செலவையும் முத்திரைத் தீர்வையையும் யார் கட்டுவது என்பதில் இழுபறி வரும். பாதிப்பாதி என்று பேசிப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் விரைவாக மீட்டெடுக்க வழி செய்கிறது. வீட்டுக்காரர்களின் பயத்தைக் குறைத்து, பூட்டிய கதவுகளைத் திறக்கவைக்கும் நோக்கம் அதில் உண்டு. என் பார்வையில் அது சரியான திசைதான். ஆனால் அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர் மீது அதே வேகத்தில் பாயும் ஒரு சட்டமும் கூடவே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே காசைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகப் போடுங்கள். உள்ளே போகும் நாளில் சுவர், குழாய், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள்.

அனெக்ஸ் எடுக்கலாமா, பிளாட்டில் அறை எடுக்கலாமா?

கையில் இருக்கும் காசைப் பொறுத்தது. அனெக்ஸ் என்பது பெரும்பாலும் கராஜுக்கு மேல் எழுப்பிய ஒரு அறை, வெளியே இரும்புப் படிக்கட்டு, ஒரு சிங்க், அதற்குப் பக்கத்தில் ஒரு காஸ் அடுப்பு வைக்கும் அளவுக்குச் சிமெந்து மேசை. மேலே தகரம் என்றால் மார்ச், ஏப்ரலில் இரவு பதினொரு மணிக்கும் சூடு இறங்காது. பகலில் போய்ப் பாருங்கள், மழை நாளிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

லைட் பில்லைத் தனியாகக் கேளுங்கள். நம் மின்கட்டணம் யூனிட் கூடக்கூட விலையும் கூடும் படிமுறை. வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீட்டரில் இருந்தால் இரண்டு பேரின் பாவனையும் சேர்ந்து மேல்படிக்குப் போகும். சப்-மீட்டர் வைத்து “யூனிட்டுக்கு இவ்வளவு” என்று அவர் சொல்லும் விலை எந்தப் படியின் விலை என்று முதலிலேயே கேட்டால் பிறகு முகம் கோண வேண்டி வராது.

பொலிஸ் பதிவு இன்னும் கட்டாயமா? தமிழர் என்பதால் வீடு தரத் தயங்குவார்களா?

வீட்டில் இருப்போரின் விவரத்தைக் கேட்கும் அதிகாரத்தைப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு பொலிஸுக்குக் கொடுக்கிறது. படிவம் வந்தால் நிரப்பிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது. போர்க்காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ் இளைஞனுக்கு அறை கொடுப்பது என்றால் நள்ளிரவுச் சோதனைக்கும் கதவைத் திறந்து வைப்பது என்று பொருள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அன்றைக்கு இருபது வயதில் லொட்ஜில் இருந்தவர் இன்றைக்கு ஒரு பிளாட்டின் சொந்தக்காரராக இருக்கலாம். அவரும் உங்களிடம் முதலில் கேட்பது அடையாள அட்டையின் இரண்டு பக்கப் போட்டோ கொப்பிதான்.

தமிழ் வீட்டுக்காரர் என்றால் எல்லாம் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். மச்சம் சமைக்கக்கூடாது, சொந்த ஊர் எது, அப்பா என்ன வேலை என்று அங்கே வேறு சோதனைகள். சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள். ஊரில் எந்தக் கோயிலடி என்று கேட்பார்கள்.

நான் பெண். தனியாக எடுக்க முடியுமா?

சட்டத்தில் தடை எதுவும் இல்லை. நடப்பில், “தனிப் பொடியன் என்றால் இல்லை தம்பி, ஃபமிலி என்றால் வாங்கோ” என்று ஆணுக்குச் சொல்லும் அதே வீட்டுக்காரர் பெண்ணுக்கு அறை தருவார். ஆனால் “பிள்ளை, இரவு எத்தனை மணிக்கு வருவீங்கள்?” என்று கேட்டுவிட்டுத்தான் தருவார். கால் சென்டர், வைத்தியசாலை போன்ற இரவு வேலை என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து ஒரு பிளாட் எடுத்தால் தலைக்கு விழும் வாடகையும் குறையும், கேள்விகளும் குறையும். ஒப்பந்தத்தில் எல்லோருடைய பெயரும் இருக்கட்டும். ஒருத்தி கல்யாணமாகிப் போனால் அவளுடைய அட்வான்ஸ் பங்கை யார் கொடுப்பது என்று ஒரு வரி எழுதிவைத்தால் சிநேகிதமும் மிஞ்சும்.

நாங்கள் தோட்டத்திலிருந்து மாடிவீட்டுக்கு மாற்றப்பட்டவர்கள். அண்ணாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு வேறு வீடு கிடைக்குமா?

இந்தக் கேள்விதான் இந்தப் பக்கத்திலேயே கனமானது. தெரியாதவர்களுக்கு: வடகொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கமாக வீடுகள் கட்டிய முடுக்குக் குடியிருப்பு.

முன்பு இருந்த கொள்கை வேறு. ரணசிங்க பிரேமதாச காலத்தில் 1978இல் தொடங்கிய ஒரு இலட்சம் வீட்டுத் திட்டமும், 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் இருந்தன. பின்னதில் அரசு சிறு கடனும் காணியும் ஆலோசனையும் கொடுக்க, மக்கள் தாங்களே வீட்டைக் கட்டினார்கள். அப்படிக் கட்டிய வீட்டுக்கு ஒரு குணம் உண்டு: வளரும். மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு தட்டுப் போடலாம். படிக்கட்டை வெளியே வைத்தால் மேல்வீட்டுக்காரனுக்குத் தனிக் கதவும் தனி அடுப்பும் வந்துவிடும். பெற்றோரைவிட்டுப் பத்து அடி தள்ளிப் போவதும் போவதுதான்.

2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபையின் நகரப் புத்துயிராக்கத் திட்டம் வந்தது. தெமட்டகொடை, மட்டக்குளி, முகத்துவாரம் பக்கங்களில் பன்னிரண்டு, பதினான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வீட்டின் அளவு ஏறக்குறைய 400 முதல் 500 சதுர அடி. தோட்டங்கள் இருந்த நிலத்தை வணிகத்துக்கு விடுவதும் கணக்கில் சேர்ந்திருந்தது. கொடுத்தது, வீட்டுக்கு வீடு என்ற கணக்கில். பழைய வீட்டில் கீழே பெற்றோர், மேலே அண்ணா குடும்பம் என்று இரண்டு அடுப்பு எரிந்திருந்தாலும் பதிவில் ஒரு வீடு என்றால் பல இடங்களில் ஒரு மாடிவீடுதான் கிடைத்தது. இலவசமும் அல்ல, பல குடும்பங்கள் பத்து இலட்சம் ரூபாய் அளவில் தவணை கட்ட வேண்டியிருந்தது. மேலே தட்டுப் போட அங்கே மேல் என்று ஒன்று இல்லை. அலுமாரியை நடுவில் நிறுத்தி, பின்பக்கம் அண்ணா அண்ணிக்கு, முன்பக்கம் மற்ற எல்லோருக்கும் என்று ஹோலைப் பிரித்த வீடுகளை எந்த மாடியிலும் பார்க்கலாம். தங்கச்சி உடை மாற்றக் குளியலறைக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: கல்யாணம் ஆனதற்காக இரண்டாவது வீடு தரும் விதி இந்தத் திட்டத்தில் இல்லை. மாற்றப்பட்ட காலத்தில் உங்கள் வீட்டில் வேறு வேறு குடும்பங்கள் இருந்தன என்பதற்குக் கணக்கெடுப்புச் சீட்டு, வேறு வேறு லைட் பில், வாக்காளர் இடாப்பு போன்ற ஆதாரங்கள் இருந்தால் எழுத்தில் முறையிடலாம். முறையிட்டதற்குத் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாடிவீட்டை வாடகைக்கு விடுவதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. அதே கட்டடத்தில் இன்னொரு வீட்டைக் கைமாற்றி “வாங்கித் தருகிறேன்” என்று வரும் தரகரிடம் காசு கொடுத்தால், உங்கள் பெயருக்கு உறுதிப் பத்திரம் வராது, காசும் திரும்பாது.

மலையகத்திலிருந்து கொழும்புக்கு வருகிறவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். லயத்து வீடு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, அங்கே குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. தோட்ட நிர்வாகத்தைக் கேட்காமல் ஒரு அறை கூட்டிக் கட்ட முடியாது. 7 பேர்ச் காணியும் இந்திய உதவி வீடுகளும் வந்திருக்கின்றன. தேவைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, வருவதும் குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில். பிள்ளை வளர்ந்ததும் படுக்க இடமில்லை. பதினெட்டு வயதில் புறக்கோட்டைக் கடைக்கு வந்து, கடைக்கு மேல் தட்டில் சாமான் மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரிக்கும் பொடியனைப் புள்ளிவிவரம் எப்படி எழுதும்? பெற்றோர் வீட்டைவிட்டுச் சீக்கிரம் போனவர் என்று. நுவரெலியாவின் வீட்டுக் கொள்கை கொழும்பில் இப்படித்தான் வந்து படுக்கிறது.

ஈபிஎஃப் காசை எடுத்து வீடு பார்க்கலாமா?

ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் சம்பளத்தின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் போகின்றன. வேலையில் இருந்தபடியே வீட்டுக்காக 30 சதவீதம் வரை எடுக்கலாம். ஆனால் குறைந்தது பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் மூன்று இலட்சமும் இருக்க வேண்டும். எடுப்பதற்கு இருபது இலட்சம் உச்சவரம்பு. 23 வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது 33 வயதுக்குப் பிறகு திறக்கும் கதவு. நடுவில் வேலைகொடுத்தவர் பங்களிப்பு கட்டாத மாதங்கள் இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். கணக்கை வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

முழுத் தொகையையும் ஓய்வு வயது வருமுன் எடுக்கச் சட்டம் அனுமதிக்கும் சந்தர்ப்பங்களைப் பாருங்கள்: நிரந்தரமாக வெளிநாடு போவது ஒன்று, பெண் ஊழியர் கல்யாணத்துக்காக வேலையை விடுவது இன்னொன்று. 1958ஆம் ஆண்டின் சட்டம் அது. முதல் கேள்விக்குச் சொன்ன அதே இரண்டு வழிகள், சட்டப் புத்தகத்தில்.

வாங்கிவிட்டால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கோடி ரூபாய் வீடு என்று வையுங்கள். அறுபது இலட்சம் கையிலிருந்து, ஒரு கோடியே நாற்பது இலட்சம் கடன். வட்டி 12 சதவீதம், இருபது வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 154,000 ரூபாய். வட்டி 24 சதவீதம் ஆனால் அதே கடனுக்கு 282,000. இது கற்பனைப் பயம் இல்லை. 2022 நெருக்கடியில் கடன் வட்டிகள் 20 சதவீதத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்தோம். மாறும் வட்டியில் கையெழுத்து வைக்குமுன் இரண்டாவது தொகையையும் எழுதிவைத்துப் பாருங்கள். மேல் மாகாணத்தில் உறுதி மாற்றும்போது முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். இரண்டு கோடிக்கு 799,000 ரூபாய். அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம்.

தனியார் துறையின் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாய் ஆனது. அந்த எண்ணையும் மேலே உள்ள எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அப்படியென்றால் வெள்ளவத்தை பிளாட்களை யார் வாங்குகிறார்கள்? கனடா, லண்டன், சுவிஸ் உறவுகள். பெண் பிள்ளைக்குச் சீதனமாக வாங்கிவைக்கும் பெற்றோர். சீதன வீடு கல்யாணம் ஒப்பேறும்வரை பூட்டியிருக்கும், வெளிநாட்டார் வீடு ஆகஸ்ட் விடுமுறைக்குத் திறக்கும். மாலையில் காலி வீதிப் பக்கம் நின்று எத்தனை ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மாகாண சபை இதில் எதுவும் செய்ய முடியாதா?

தாளில் முடியும். 13ஆவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலில் மாகாண வீடமைப்புத் திட்டங்களும், மாகாணத்துக்குள் வாடகைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் இருக்கின்றன. ஆனால் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்கள் அதற்குள் வராது; நகர அபிவிருத்தி அதிகார சபையும் மத்தியின் கையில். மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காமலே வருடங்கள் ஓடின. மாநகர சபை சோலைவரி எடுக்கும், குப்பை அள்ளும், கட்டட அனுமதி கொடுக்கும். இளையோர் வாடகை அதன் வேலைப் பட்டியலில் இல்லை.

வேறு நாடுகளில் எப்படி?

இரண்டு உதாரணங்கள் போதும். ஸ்பெயினில் இளையோர் சராசரியாக முப்பது வயதளவில்தான் வீட்டைவிட்டுப் போகிறார்கள். அங்கே வீடு பிராந்திய அரசுகளின் பொறுப்பு. பாஸ்க் பிராந்தியம் 2015இல் வீட்டைச் சட்ட உரிமையாக்கியது. இளையோரின் வாடகையில் ஒரு பங்கைக் கட்டும் திட்டமும் அங்கே உண்டு. நமக்குப் பொருந்துவது அவர்களுடைய பிஸிகுனே திட்டம். பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பொது நிறுவனம் உரிமையாளரிடமிருந்து எடுத்து, வாடகைக்கும் வீட்டைத் திருப்பித் தருவதற்கும் உத்தரவாதம் கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு விடுகிறது. லண்டனில் இருக்கும் வெள்ளவத்தை பிளாட்காரருக்கு வேண்டியதும் அந்த உத்தரவாதம்தான்.

சிங்கப்பூர் எதிர்ப்பக்கம். அரசே வீடு கட்டிக் கொடுக்கிறது. ஆனால் கல்யாணம் ஆகாத தனி ஆள் அந்த வீட்டை வாங்க 35 வயது ஆக வேண்டும். கல்யாணம் செய்யப்போகும் ஜோடிக்கு அந்த வயது வரம்பு கிடையாது. அங்கே நிச்சயதார்த்தத்துக்கு முன்பே வீட்டுக்கு விண்ணப்பம் போகிறது. எதை எடுத்துக்கொள்வது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

வாடகை வீட்டு விலாசத்தில் வாக்காளர் பதிவு செய்யலாமா? வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.

செய்யலாம். வழக்கமாக வசிக்கும் இடத்தில் பதிவதுதான் முறை. அதற்கு வீட்டின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெயர் ஏறினால் வீட்டில் உரிமை வந்துவிடும் என்று வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். இடாப்பில் பெயர் இருப்பது மட்டும் உரிமையைத் தராது. குத்தகை ஒப்பந்தத்தோடு கிராம சேவகரிடம் நேரே போய்ப் பேசுங்கள். தனியாளாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. பிறகு பிள்ளையை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப் போகும்போது தெரியும்: அரச பாடசாலைகளில் பக்கத்தில் வசிப்போருக்கான பிரிவுக்குத்தான் பெரும் பங்கு, அதில் இடாப்புப் பதிவு எத்தனை வருடம் என்பதற்குப் புள்ளி உண்டு. பம்பலப்பிட்டியில் இருந்துகொண்டு பெயரை ஊரிலேயே விட்டுவைத்தவர்கள் அந்த வரிசையில் பின்னால் நிற்கிறார்கள்.